எண்ணச் சுழலும் திருப்பணியும்

திருக்குடமுழுக்கு விழாவையொட்டி வெளிவரும் இம்மலரில் தலவரலாறும் திருமுறைச் சிறப்பும் எழுதத் தக்க அறிஞர் பலர் உளர். யான் எழுதப் புகுவது சிறியதொரு பொருள். ஒருமுறை தோன்றிய துன்ப நினைவு மீண்டும் மீண்டும் வந்து, வேண்டாம் என்றாலும் அகலாது, உறக்கத்தைக் கெடுத்து, உணவைக் கைக்கச் செய்து, உள்ளத்தைச் செக்குமாடு போலச் சுற்றவைக்கும் நிலை ஒன்று உண்டு. அதனை முன்னோர் எவ்வாறு அறிந்தனர், அதற்கு எத்தகைய பயிற்சி வகுத்தனர் என்பதே இக்கட்டுரையின் பொருள். கோயில் மலருக்கு இஃது எங்ஙனம் பொருந்தும் என்று ஐயுறுவோர் சிறிது பொறுத்தருள்க.

இப்பொருளில் என் கருத்துச் சென்றதற்குக் காரணம் நூற்பயிற்சி அன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் தம்பி மறைந்தான். மறைவதற்கு முன் என்னை வந்து பார்க்குமாறு அழைத்திருந்தான். அறுவடை முடியட்டும் என்று யான் நாளைத் தள்ளிவிட்டேன். அறுவடை முடிந்தது, அவனும் முடிந்தான். அதன்பின் ஏறத்தாழ ஓராண்டுக் காலம், விளக்கை அணைத்துப் படுத்தவுடன், 'அன்றே போயிருந்தால்' என்ற ஒரே நினைவு வந்து தலைமாட்டில் அமர்ந்துகொள்ளும். யான் அதனோடு சண்டையிட்டேன். பல்லைக் கடித்து அதனை விரட்டினேன். விரட்டிய அளவுக்கு அது வலுத்து வந்தது. நம் கோயில் ஓதுவார் முதியவர். என் முகத்தைப் பார்த்தே ஏதோ அறிந்துகொண்டார் போலும். ஆறுதலாக ஒரு சொல்லும் அவர் கூறவில்லை. "தம்பி, மடைப்பள்ளிப் பாத்திரங்களைக் கணக்கெடுக்க ஆள் இல்லை. நாளை விடியலில் வாருங்கள்" என்று மட்டும் சொன்னார். சென்றேன். இருபது நாள், தவலை இத்தனை, அண்டா இத்தனை, கரண்டி இத்தனை என்று எடுத்துத் துலக்கி எழுதிவைத்தேன். இருபதாம் நாள் இரவு யான் உறங்கினேன். ஏன் உறங்கினேன் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை. பின்னர்ப் பழைய நூலொன்றை வாசித்தபோதுதான் விளங்கிற்று. அந்நூலைப் பற்றியே முதலில் கூறவேண்டும்.

பாலிமொழியில் அமைந்த பௌத்தத் திருநூல்களுள் மஜ்ஜிம நிகாயம் என்பது ஒன்று. அதன் 20ஆம் உரை விதக்க சண்டான சுத்தம் எனப்படும். விதக்கம் என்பது எண்ணம். எண்ணங்களை அடங்கச் செய்தல் பற்றிய உரை என்று பொருள் கொள்ளலாம். சாவத்தி நகரத்து ஜேதவனத்தில் புத்தர் துறவியருக்குக் கூறியதாக அது அமைந்துள்ளது. சைவர் மலரில் புத்தர் எதற்கு என்று யாரேனும் வினவுவாராயின், நோய்க்கு மருந்து எவர் தோட்டத்துப் பச்சிலையாயினும் கொள்ளத்தக்கதே என்பது என் விடை.

அவ்வுரை ஐந்து வழிகளைக் கூறுகிறது. ஐந்தையும் ஒருங்கே கையாளச் சொல்லவில்லை. ஒன்று பயன்படாத இடத்தே அடுத்தது என்று படிப்படியாக வைத்திருக்கிறது. இந்த வரிசைதான் கருதத்தக்கது. தீய எண்ணம் எழுந்தால் முதலில் வேறொரு நல்ல பொருளின்மேல் மனத்தை வைக்கவேண்டும். தச்சன் மரத்தில் இறுகிக் கிடக்கும் பருத்த முளையை நுண்ணிய முளை ஒன்றை அடித்து வெளியேற்றுவது போல என்பது உவமை. அதனால் ஆகாதாயின், அவ்வெண்ணத்தால் விளையும் கேட்டை நினைத்துப் பார்த்தல் இரண்டாவது. அணிகலன் விரும்பும் இளைஞன் ஒருவன் கழுத்தில் செத்த பாம்பைக் கட்டினால் அவன் எவ்வளவு அருவருப்பான்! அந்த அருவருப்பு அந்த எண்ணத்தின்மேல் எழவேண்டுமாம். மூன்றாவது, அதனைப் பொருட்படுத்தாது விடுதல். காண விரும்பாத பொருள் எதிர்ப்பட்டால் கண்ணை மூடிக்கொள்வதோ வேறு புறம் நோக்குவதோ செய்கிறோமே, அது போல. நான்காவது, எண்ணம் பிறந்த இடத்தைத் தேடி அதன் விசையைத் தணித்தல். விரைந்து நடப்பவன், 'யான் ஏன் விரைகிறேன்' என்று தன்னையே கேட்டு மெல்ல நடக்கிறான், பிறகு நிற்கிறான், பிறகு அமர்கிறான், பிறகு படுக்கிறான். இவை நான்கும் பயனற்றுப் போன பின்னரே ஐந்தாவது வருகிறது. பல்லோடு பல்லைக் கடித்து, நாவை மேலண்ணத்தில் அழுத்தி, வலியவன் மெலியவனைப் பிடித்து அமுக்குவது போல மனத்தை மனத்தாலேயே அடக்குதல் அது.

யான் ஓராண்டு செய்தது இந்த ஐந்தாவது. அதனை முதலாவதாகச் செய்தேன்.

அதே மஜ்ஜிம நிகாயத்தின் 36ஆம் உரையில் புத்தர் தம் பழைய கடுந்தவத்தை நினைவுகூரும் பகுதி ஒன்று உண்டு. ஞானம் பெறுமுன் தாம் இவ்வாறே பல்லைக் கடித்து மனத்தை அமுக்கியதாகவும், அக்குளில் வியர்வை பெருகியதாகவும், முயற்சி தளராதபோதும் உடல் அமைதியிழந்து சோர்ந்ததாகவும் அங்கே கூறுகிறார். செய்து பார்த்து அதன் எல்லையை அறிந்தவர் அதனைக் கடைசியில் வைத்தார் என்று கொள்ளுதல் தவறாகாது. ஆராய்ச்சியாளர் இதற்கு வேறு விளக்கம் கூறுதல் கூடும். எனக்குப் பட்டதைச் சொன்னேன்.

இனி இவ்வுரைக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள தொடர்பைக் கூறுவேன். மஜ்ஜிம நிகாயத்துக்குப் பபஞ்சசூதனி என்னும் விரிவுரை உண்டு. அதனை எழுதியவர் கி.பி. 5ஆம் நூற்றாண்டினரான புத்தகோசர். இலங்கை அநுராதபுரத்து மகாவிகாரையில் தங்கி, சிங்களத்தில் வழங்கிய பழைய உரைகளைப் பாலிமொழிக்கு ஆக்கினார். பபஞ்சசூதனியின் இறுதியில், மயூரசுத்தபட்டணத்தில் தம்மோடு முன்பு வாழ்ந்த புத்தமித்திரர் என்னும் தேரர் வேண்டியதால் அந்நூலை இயற்றியதாகக் குறிக்கிறார். மற்றொரு விரிவுரையின் இறுதியில் காஞ்சிபுரத்தில் வாழ்ந்த நாளைக் குறிக்கிறார். மயூரசுத்தபட்டணம் மயிலாப்பூர் என்பார் சிலர். மயிலாடுதுறைப் பக்கம் என்பார் சிலர். எதுவாயினும், ஆழ்வாரும் நாயன்மாரும் பாடித் திரிந்த காலத்துக்குச் சற்று முன்னர் நம் ஊர்த் தெருக்களில் நடந்தவர் கையால் எழுந்த உரை அது என்பதில் ஐயமில்லை.

அவ்வுரையில் மூன்றாம் வழிக்கு அவர் தரும் விளக்கம் என்னைத் திகைக்க வைத்தது. பொருட்படுத்தாது விடு என்றால் எளிதில் விடுமா? விடாது. ஆகவே துறவி முதலில் தான் மனப்பாடம் செய்த பகுதியை ஓதவேண்டும். அதனாலும் ஆகாதாயின் தன் பையைத் திறந்து, உள்ளே இருக்கும் சிறு பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது குத்தூசி, இது கத்தரி, இது நகம்வெட்டி, இது தையலூசி என்று பெயர் சொல்லிப் பார்க்கவேண்டும். இன்னும் ஆகாதாயின் கிழிந்த ஆடையைத் தைக்கவேண்டும். அதனாலும் எண்ணம் அகலாதாயின் கட்டட வேலை செய்யவேண்டும். கட்டட வேலைக்கு அவர் ஆளும் சொல் நவகம்மம் என்பது. விகாரையைப் புதிதாகக் கட்டுதலும் பழுதுபார்த்தலும் ஆகிய தொண்டுக்குரிய சொல் அது. நம் மொழியில் அதனைத் திருப்பணி என்று கூறலாம்.

வீடுபேற்றைப் பற்றிப் பேசவேண்டிய உரைநூலில் நகம்வெட்டியும் தையலூசியும் இடம்பெற்றது எத்தகைய பட்டறிவு! இரவில் தனியே அமர்ந்து தன்னைத்தான் தின்றுகொண்டிருந்த துறவி எவரோ ஒருவர், அப்பையைத் திறந்து பார்த்துப் பயன்கண்டு, அதைத் தம் மாணாக்கருக்குச் சொல்லியிருத்தல் வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏட்டிலிருந்து பிறக்கும் அறிவுரை இவ்வடிவில் வாராது.

இதற்கு எடுத்துக்காட்டாகப் புத்தகோசர் ஒரு வரலாறும் கூறுகிறார். தென்னிலங்கையில் திஸ்ஸன் என்ற இளந்துறவி துறவில் மனம் சலித்து, அதனைத் தம் ஆசிரியரிடம் தெரிவித்தார். ஆசிரியர் கடிந்து பேசவில்லை. இவ்விடத்தில் தண்ணீர் அரிது, சித்தலமலைக்கு அழைத்துப் போ என்றார். அங்குச் சேர்ந்ததும், உனக்கென ஓர் உறைவிடம் அமைத்துக்கொள் என்றார். இளந்துறவி சம்யுத்த நிகாயத்தை முதலிலிருந்து ஓதத் தொடங்கினார். குகையைத் திருத்தும் வேலையைத் தொடங்கினார். தியானப் பயிற்சியையும் தொடங்கினார். மூன்றும் ஒருங்கே நடந்தன. ஓதி முடித்து, உறைவிடமும் முடிந்தபின், அரிதில் செய்த அவ்விடத்தில் இன்றிரவு நீயே தங்கு என்றார் ஆசிரியர். அன்றிரவே அவர் ஞானம் பெற்று அங்கேயே உடலைத் துறந்தார் என்று வரலாறு முடிகிறது. சலிப்பை ஆசிரியர் ஓரிடத்தும் எதிர்த்துப் பேசாமை காண்க. எம் ஓதுவார் பபஞ்சசூதனியைக் கண்டவரல்லர். ஆயினும் அதே வழியில் நடந்தார்.

நான்காம் வழிக்கு உரைகாரர் காட்டுவது ஒரு முயற்கதை. சாதகக் கதைகளில் வருவது. வில்வ மரத்தடியில் உறங்கிய முயலின் அருகே பழுத்த வில்வக்காய் ஒன்று விழுந்தது. அவ்வோசையைக் கேட்ட முயல் நிலம் பிளக்கிறது என்று எண்ணி ஓடிற்று. அதைக் கண்டு பிற முயல்கள் ஓடின, மான் ஓடிற்று, பன்றி ஓடிற்று, காடே ஓடிற்று. சிங்கம் ஒன்று குறுக்கே நின்று, நிலம் பிளந்ததை யார் கண்டது என்று கேட்டது. ஒவ்வொன்றும் மற்றொன்றைச் சுட்ட, கடைசியில் முதல் முயல் அகப்பட்டது. சிங்கம் அதனை அழைத்துச் சென்று அவ்விடத்தைப் பார்த்தது. கிடந்தது வில்வக்காய். என் காட்டின் ஓட்டத்தையும் இவ்வாறு பின்தொடர்ந்து பார்த்தேன். 'தம்பி இறந்தான்' என்பது மெய். அதனை மறுக்க இயலாது. 'என்னால் இறந்தான்' என்பது எங்கே பிறந்தது? இழவு வீட்டில் உறவினர் ஒருவர் பொருளின்றிச் சொன்ன ஒரு சொல்லில் பிறந்தது. அச்சொல்தான் அன்று விழுந்த காய்.

வைதிக மரபிலும் இதனை ஒத்த வழி காணப்படுகிறது. பதஞ்சலி முனிவரின் யோகசூத்திரம் இரண்டாம் பாதத்தில், இயமநியமங்களைக் கெடுக்கும் எண்ணங்களை விதர்க்கம் என்கிறது. பாலியின் விதக்கமும் இதுவும் ஒரே வேரில் எழுந்தவை. அவை வருத்தும்போது எதிர்ப்பக்கத்தைப் பாவிக்க என்பது முனிவர் கூறும் மருந்து. அதற்குப் பிரதிபக்ஷ பாவனை என்று பெயர். அடுத்த சூத்திரத்தில் அவ்வெண்ணங்கள் துன்பமும் அறியாமையுமாகிய முடிவற்ற பயனைத் தருவன என்று நினைக்கச் சொல்கிறார். தச்சனின் முளையும் கழுத்துப் பாம்பும் இங்கே உவமையின்றி நிற்கின்றன. தில்லைத் திருநடனம் கண்ட முனிவராகப் பதஞ்சலியை நம் மரபு போற்றுகிறது. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை வகுத்துரைக்கிறார் என்பது சைவர் அறிந்ததே.

அத்திருமூலர் வழிவந்த மௌனகுருவிடம் தாயுமானார் உபதேசம் பெற்றார். திருச்சிராப்பள்ளி நாயக்கர் அரசவையில் பெரும்பொறுப்பு வகித்தவர் அவர். கணக்கும் வழக்கும் நாள்தோறும் தலையில் சுழன்றிருத்தல் வேண்டும். குரு அவருக்குச் சொன்னது சும்மா இரு என்பதே. அவ்வுபதேசம் எளிதில் கைகூடிற்று என்று தாயுமானார் எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. மதயானையைப் பழக்கலாம், புலியின் வாயைக் கட்டலாம், நீர்மேல் நடக்கலாம், ஆயினும் சிந்தையை அடக்கிச் சும்மா இருத்தல் அரிது என்ற கருத்தைப் பாடிவைத்த பெரியார் அவர். அவருக்கே அரிது என்றால் நமக்கு நாணம் எதற்கு?

இந்நூல்களை அறியாதார் தனியே ஆய்ந்து கண்டவையும் இவற்றோடு ஒத்துவருதல் வியப்பானது. 1987இல் அமெரிக்காவின் சான் அந்தோனியோ நகரத்தில் டேனியல் வெக்னர் என்ற உளவியலார் மாணவர் சிலரை அமர்த்தி, வெண்கரடியை மட்டும் நினைக்காதீர் என்று பணித்தார். நினைவு வந்தால் மணியை அடிக்கவேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பின்பு நினைக்கலாம் என்று விட்டபோது, முன்பு அடக்கியவர்கள், தொடக்கமுதல் நினைக்க விடப்பட்டவரினும் மிகுதியாகக் கரடியை நினைத்தனர். இதன் மறுபாதியே எனக்கு இனித்தது. கரடி வரும்போதெல்லாம் சிவப்பு வோக்ஸ்வாகன் கார் ஒன்றை நினைக்குமாறு சொல்லப்பட்டவர்களுக்கு அவ்வாறு பெருகவில்லை. தச்சனின் நுண்முளை அமெரிக்காவில் காராக வந்தது!

மற்றொன்று 1989ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் நிகழ்ந்தது. சூசன் நோலன்-ஹூக்செமா என்ற பெண் அறிஞர், துன்பம் வந்தால் அதையே திரும்பத் திரும்ப எண்ணும் இயல்பு யாருக்கு எவ்வளவு என்பதை ஸ்டான்போர்டு மாணவரிடம் கேட்டு எழுதி வைத்திருந்தார். 14 நாள் கழித்து, அக்டோபர் 17ஆம் நாள், அப்பகுதியைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. 63 பேர் மாண்டனர். ஏழு வாரம் கழித்து அதே மாணவரை மீண்டும் வினவியபோது, முன்னரே அசைபோடும் இயல்பு மிக்கிருந்தவரிடம் மனச்சோர்வு மிகுதியாக இருக்கக் கண்டார். நிலம் எல்லார்க்கும் ஒன்றாகவே நடுங்கிற்று.

2000ஆம் ஆண்டில் ஜான் டீஸ்டேல் முதலியோர் வெளியிட்ட ஆய்வு மருத்துவத்தைச் சார்ந்தது. பௌத்தத் தியானத்திலிருந்து எடுத்த விழிப்புணர்வுப் பயிற்சியை, மனச்சோர்வு நோய் பலமுறை வந்து குணமான 145 பேரிடம் சோதித்தனர். அவருள் ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் பயிற்சி. எண்ணத்தை வந்து போகும் எண்ணமாக மட்டும் பார்த்தல், அதை மெய்யென ஏற்று அதன்பின் ஓடாமை ஆகியவை அப்பயிற்சியின் உயிர். மூன்று முறைக்கு மேற்பட்டோ மூன்று முறையோ நோயுற்றவருள், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்க்கு நூற்றுக்கு 66 பேர் வீதம் நோய் மீண்டது. பயிற்சியும் பெற்றவர்க்கு 37 ஆகக் குறைந்தது. இருமுறை மட்டும் நோயுற்றவர்க்கு இப்பயன் கிட்டவில்லை. இதனையும் அவர்கள் மறைக்காது எழுதினர். எல்லார்க்கும் எல்லாம் தீரும் என்று விளம்பரம் செய்வோர் மலிந்த இந்நாளில் அந்த நேர்மை போற்றத்தக்கது. மனச்சோர்வு முற்றியவர் மருத்துவரை நாடவேண்டும். பாத்திரக் கணக்கும் பையிலுள்ள ஊசியும் அந்நிலையில் போதா.

நம் திருக்கோயில் திருப்பணி தொடங்கியபோது, எழுத்துவேலைக்கு என்னை அழைத்தனர். யான் அட்டபந்தனம் இடிக்கும் இடத்துக்குப் போகிறேன் என்றேன். வயதைக் கருதிச் சிலர் தடுத்தனர், ஓதுவார் தடுக்கவில்லை. உரலைச் சுற்றி நின்றவருள் மற்றவர் எதற்காக வந்தனர் என்று யான் கேட்கவில்லை. ஒருவர் மகளைப் பறிகொடுத்தவர் என்பது ஊரறிந்தது. ஒருவர் கடனில் மூழ்கியவர். உலக்கை விழும் ஓசையில் யாரும் மிகுதியாகப் பேசவில்லை. தம்பியின் நினைவு அங்கும் வந்தது. வந்தபோது கையை நிறுத்தாமல், உரலுக்குள் போனவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டேன்: இது கொம்பரக்கு, இது சுக்கான்தூள், இது குங்கிலியம், இது நற்காவி, இது செம்பஞ்சு, இது சாதிலிங்கம், இது தேன்மெழுகு, இது எருமைவெண்ணெய். எட்டும் சொல்லி முடியுமுன் அடுத்தவர் உலக்கையை என்னிடமிருந்து வாங்கிக்கொள்வார். சிலநாள் நினைவு அதற்குள் போய்விடும். சிலநாள் போகாது, அப்போது மறுபடியும் கொம்பரக்கிலிருந்து தொடங்குவேன். அம்மருந்தே இன்று மூலவர் திருமேனிக்கும் ஆவுடையாருக்கும் இடையே இறுகி நிற்கிறது.